உப்புக்காற்றில் மடக்கு கீபோர்டு: போனில் நீளமாகத் தமிழ் அடிக்க

பாம்பன், மண்டபம் பக்கம் காற்று எடுத்துவிட்டால் போனிடம் பேசி எழுத வைப்பது நடக்காது. மைக்கில் முதலில் போய்ச் சேருவது காற்றிரைச்சல்தான். திரையைத் தட்டி எழுதலாம் என்றால் அரைப்பக்க மனுவுக்குள் கட்டைவிரல் கடுக்கும். சங்கத் தீர்மானம், ஏலக் கணக்கு, மகளிர் குழுக் கூட்டக் குறிப்பு, ஆட்சியருக்கு மனு என்று நீளமாக அடிக்க வேண்டியவர்களுக்கு ப்ளூடூத் மடக்கு கீபோர்டு கை கொடுக்கும். அதற்கும் போனுக்கும் நடுவே டவரும் தேவையில்லை, நெட்டும் தேவையில்லை. தனுஷ்கோடியில் சிக்னல் போனாலும் எழுத்து நிற்காது.

வாங்கும்போது வலது ஓரத்தைப் பாருங்கள்

கடைக்காரர் எடையையும் பேட்டரியையும் சொல்வார். தமிழ் அடிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கீபோர்டின் வலது ஓரம். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி விசை ஒதுக்கும் தமிழ்99 அமைப்பில் ச, ஞ இரண்டும் ஆங்கிலப் ‘பி’க்கு அடுத்த சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. ந அரைப்புள்ளி விசையிலும், ய ஒற்றை மேற்கோள் விசையிலும், ழ சாய்கோடு விசையிலும் வரும். மடக்கு கீபோர்டு செய்பவர்கள் இடம் மிச்சம் பிடிக்கக் கை வைப்பதும் சரியாக இந்த ஐந்தில்தான். சிலவற்றில் அவை பாதி அகலத்துக்குச் சுருங்கியிருக்கும். சிலவற்றில் ‘எஃப்என்’ (Fn) விசையைச் சேர்த்துப் பிடித்தால்தான் விழும். ஆங்கிலத்தில் எப்போதாவது தேவைப்படும் குறிகள் என்பதால் அங்கே அது குறையாகத் தெரியாது. தமிழில் ‘ச’ இல்லாமல் ஒரு வரி நகராது.

கடையிலேயே இந்த நான்கு சொற்களை அடித்துப் பாருங்கள்: சாயல்குடி, கீழக்கரை, நரிப்பையூர், ஞாயிறு. ஐந்து விசைகளும் இதில் வந்துவிடும். எந்த எழுத்துக்காவது விரல் தேடிப் போக வேண்டியிருந்தால் அந்த மாடலை விட்டுவிடலாம். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுக்கு ஷிஃப்ட் விசை பெரிதாக இருந்தால் போதும். ள, ற, ண எல்லாம் அதை நம்பித்தான்.

இரண்டாக மடிவதா, மூன்றாக மடிவதா? கடற்கரைக்கு இரண்டாக மடிவதே மேல். ஒரு கீல் என்றால் மணல் புகும் இடமும் ஒன்றுதான். மடிப்பு நடுவில் வருவதால் ங, எ, க ஆகிய விசைகள் கீலை ஒட்டி இருக்கும். அந்த இடத்தில் இடைவெளி அதிகமா என்றும் அழுத்திப் பாருங்கள்.

போனோடு இணைக்க

முதலில் முழுவதும் சார்ஜ் ஏற்றுங்கள். விலை குறைந்த சில மாடல்கள் இரண்டு முனையும் சி வகையான கேபிளில் சார்ஜ் ஏறாது. கீபோர்டின் துளையில் வைக்க வேண்டிய சிறு மின்தடையை விட்டுவிட்டிருப்பார்கள். பழுது என்று திருப்பிக் கொடுக்குமுன், ஒரு முனை பழைய அகல யுஎஸ்பி ஆக உள்ள கேபிளில் போட்டுப் பாருங்கள்.

பலகையை விரித்ததும் பெரும்பாலானவை தானே உயிர் பெறும். ‘எஃப்என்’ விசையோடு ப்ளூடூத் குறி போட்ட விசையைச் சேர்த்து அழுத்தினால் விளக்கு மினுக்கும். போனில் ப்ளூடூத்தைத் திறந்து புதிய சாதனம் தேடுங்கள். பெயர் தெரிந்ததும் தொடுங்கள். திரையில் எண் காட்டினால் அதைக் கீபோர்டிலேயே அடித்து என்டர் தட்ட வேண்டும். போனில் தட்டிப் பயனில்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ் என்று மாற்றும் வசதி உள்ள மாடலில் உங்கள் போனுக்குரியதைத் தேர்ந்தெடுத்தால்தான் குறுக்குவிசைகள் சரியாக வேலை செய்யும். பெயரே தெரியவில்லை என்றால் அது வீட்டில் வேறொரு போனோடு ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் போனில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டுத் திரும்பத் தேடுங்கள்.

தமிழ் வருவதற்கு இன்னொரு படி உண்டு. ஐபோனில் கீபோர்டு செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் ஹார்டுவேர் கீபோர்டுக்கும் தமிழ்99, அஞ்சல் (ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறை) இரண்டும் கிடைக்கும். ஆண்ட்ராய்டில் அது நீங்கள் போட்டிருக்கும் தமிழ் செயலியைப் பொறுத்தது. திரையில் தொட்டால் தமிழும், வெளி விசையைத் தட்டினால் ஆங்கிலமும் வருகிறது என்றால் அந்தச் செயலி வெளி விசைகளைக் கண்டுகொள்ளவில்லை என்று பொருள். கீபோர்டைக் குறை சொல்லாமல் செயலியை மாற்றுங்கள்.

வைத்து அடிக்கும் இடம்

மடக்கு கீபோர்டு தொடையில் நிற்காது. கீல் உள்ளே சரிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகும் கிளிப் அட்டை ஒன்று போதும். அதன்மேல் கீபோர்டை விரித்து, இரு ஓரமும் அகல ரப்பர் பேண்டு போட்டுவிட்டால் படகு மேடையிலும் பேருந்திலும் அசையாது. போனை அட்டையின் கிளிப்பிலேயே சாய்த்து நிறுத்தலாம். எழுத்தின் அளவைப் போனில் இரண்டு படி கூட்டுங்கள். தூரத்தில் வைத்துப் படிக்கும்போது கண் சுருங்காது.

வாட்ஸப்பில் என்டர் தட்டியதும் பாதிச் செய்தி போய்விடுகிறது என்பது பலரின் புலம்பல். சாட் செட்டிங்ஸில் என்டர் தட்டினால் அனுப்பும் வசதியை அணைத்துப் பாருங்கள், அல்லது ஷிஃப்டோடு என்டர் தட்டுங்கள். நீளமானதை நோட்ஸ் செயலியில் அடித்து, கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-சி (ஐபோனில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்) என்று எடுத்து ஒட்டுவது இன்னும் பத்திரம்.

கோளாறும் காரணமும்

*முதல் எழுத்து விழவில்லை.* சில நிமிடம் சும்மா இருந்தால் கீபோர்டு தூங்கிவிடும். எழுப்பும் முதல் தட்டு எழுத்தாகாது. யோசித்துவிட்டுத் திரும்ப அடிக்கும்போது ஷிஃப்டை ஒரு தட்டு தட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

*தேவையில்லாத இரட்டை எழுத்து.* தமிழ்99-இல் ஒரு மெய் விசையை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். அதனால் விசைக்கடியில் மணல் நெருடி ஒரு தட்டு இரண்டாகப் பதிந்தால் ‘வலை’ என்பது ‘வல்லை’ ஆகும், ‘படகு’ ‘பட்டகு’ ஆகும். பலரும் செயலியில் பிழை தேடுவார்கள். ஒரே எழுத்து மட்டும் இரட்டிக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் அந்த விசையைச் சுத்தம் செய்ய வேண்டும். எல்லா எழுத்தும் இழுத்துக்கொண்டு வந்தால் அது இணைப்புத் தடுமாற்றம். ப்ளூடூத்தும் பழைய வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. கூட்டம் நிறைந்த லாட்ஜில் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், அல்லது அணைத்தால் சரியாகலாம்.

*போனில் திரைக் கீபோர்டு வரவே இல்லை.* பைக்குள் கீபோர்டு கொஞ்சம் விரிந்து, தானே போனோடு சேர்ந்திருக்கும். வெளிக் கீபோர்டு இருக்கிறது என்று நினைத்துப் போன் திரையில் உள்ளதை மறைத்துவிடும். ப்ளூடூத்தை அணைத்தால் திரும்பி வரும். பைக்குள் வைக்கும்போது ஒரு ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள்.

மணலும் உப்பும்

மூடிய நிலையில் இரு பாதியையும் பிடித்திருப்பது காந்தம். நம் கரை மணலில் உள்ள இரும்புச் சத்துக் கறுப்புத் துகள்கள் அதன்மேல் மயிர்க்கால் போல ஒட்டி நிற்கும். துணியால் துடைத்தால் விலகி, திரும்ப அங்கேயே ஒட்டும். செலோடேப்பை அழுத்தி உரித்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். மடக்கும் முன் இதைச் செய்யாவிட்டால், அந்தத் துகள்தான் விசை மேற்பரப்பைக் கீறும்.

விசை இடுக்கு மணலுக்குக் காய்ந்த ஒரு அங்குல பெயின்ட் பிரஷ் எடுங்கள். பலகையைக் கவிழ்த்துப் பிடித்து, கீலிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் உப்பு கரைந்து உள்ளே இறங்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் மேற்பரப்பைத் துடையுங்கள். உப்பைக் கரைத்து எடுக்க வெறும் காய்ந்த துணி போதாது. வைக்கும் பை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையாக இருக்கட்டும், மாத்திரை டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டைப் போடுங்கள்.

கடல் தண்ணீர் பட்டுவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். உலரும்வரை சார்ஜில் போடவே கூடாது. உப்பு நீரில் மின்சாரம் ஓடினால் செம்புத் தடங்கள் பச்சைப் பூத்து அரிக்கும். நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, கூரைபோல் கவிழ்த்து, இரண்டு நாள் ஃபேன் காற்றில் வையுங்கள். வெயிலில் காயவைப்பது லித்தியம் பேட்டரிக்கு ஆகாது.

கடலுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே காந்தம் போனில் உள்ள திசைகாட்டியைக் குழப்பும். கீபோர்டின்மேல் போனை வைத்துத் திசை பார்க்காதீர்கள். படகுத் திசைகாட்டிக்குப் பக்கத்திலும் கீபோர்டை வைக்காதீர்கள்.

ஒரு நாள் பாதிப் பலகை மட்டும் செத்துப்போனால் அது கீலுக்குள் ஓடும் மெல்லிய பட்டைக் கம்பி அறுந்ததால். விரிக்கும் கோணத்தைக் கொஞ்சம் மாற்றும்போது எழுத்து விட்டுவிட்டு வந்தால் அறுந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம். குறைந்த விலை மாடலில் அதைச் சரிசெய்யும் கூலி புதிதின் விலையை நெருங்கும். பலகை மேசையில் படியாமல் அடியில் புடைத்து நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தி மூடாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.