பள்ளியில் மனநலம்: நல்ல எண்ணத்தோடு நாம் செய்கிற தவறுகள்

மனநலம் என்றதும் பள்ளிகளில் முதலில் நடப்பது ஒரு நாள் நிகழ்ச்சி. வெளியூரிலிருந்து பேச்சாளர் வருவார். பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் தன்னம்பிக்கை பற்றிப் பேசுவார். போட்டோ எடுத்து குரூப்பில் போட்டு, பதிவேட்டில் ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. தஞ்சாவூர் மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் ஆசிரியராக இருக்கிறேன். இப்படி எத்தனையோ நிகழ்ச்சிகளுக்கு நானே நாற்காலி எடுத்துப் போட்டிருக்கிறேன். யாருடைய நோக்கமும் தப்பில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் மனசு கலங்குவதும் தெளிவதும் சாதாரண நாட்களில்தான். சாப்பாடு, கழிப்பறை, டைம்டேபிள், ஆசிரியரின் குரல் இவற்றில்தான் அது நடக்கிறது. தவறுகளும் அங்கேதான் நடக்கின்றன.

பசியைச் சோம்பல் என்று நினைப்பது

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கியது நம் டெல்டாவில், நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில் வைத்துத்தான். அது 2023 ஆகஸ்ட் 25. காலைக் கூட்டத்தில் வெயிலில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திட்டத்தின் அருமை தெரியும். ஆனால் அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றுதான் வந்தது. ஏப்ரல் வரை காலையில் சூடாகப் பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்ட பிள்ளை, ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனதும் மதிய மணி வரை வெறும் வயிற்றோடு இருக்கிறது. நடவு நாட்களில் அம்மா விடிவதற்குள் வயலில் இறங்கியிருப்பார். வீட்டில் பழையது இருந்தால் உண்டு.

நடுநிலைப் பள்ளி ஒன்றில் நான் பார்த்தது இது. மூன்றாம் வகுப்புத் தம்பி வரிசையில் உட்கார்ந்து கிச்சடி சாப்பிடுகிறான். ஆறாம் வகுப்பு அக்கா அவன் பையையும் சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு தூணோரம் நிற்கிறாள். "நீ சாப்டியாம்மா?" என்றேன். "எனக்குக் காலையில பசிக்காது சார்" என்றாள், தம்பியின் தட்டைப் பார்த்துக்கொண்டே. இரண்டாவது பீரியடில் அந்தப் பெண் தலையைச் சாய்த்தால் "ராத்திரி முழுக்க டிவியா?" என்று கேட்பவர்கள் நாம்தான்.

அதனால் கவனம் சிதறுகிற பிள்ளையிடம் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதாக இருக்கட்டும். அதையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். "யாரெல்லாம் சாப்பிடலை, கை தூக்கு" என்று வகுப்பில் கேட்டால் ஒரு கையும் உயராது. பிள்ளைகளுக்கும் மானம் உண்டு. ஜூன் மாதத்திலேயே ஆறாம் வகுப்பில் யார் யார் என்று தெரிந்துகொண்டு, பெயர் சொல்லாமல் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினால் வழி பிறக்கும். எங்கள் ஊரில் ஒரு மளிகைக் கடைக்காரர் மாதாமாதம் பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்தார். எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக ஒரு டப்பாவில் வைத்தோம். யார் எடுக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் அதில் முக்கியம்.

ஆசிரியரை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் பார்ப்பது

தலைமடையில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு வருவது கொஞ்சம்தான். பள்ளிக்கூடத்தில் நெருக்கடி மட்டும் நேர்மாறாகப் பாய்கிறது, இறங்க இறங்க வேகம் கூடுகிறது. மேலே தேர்ச்சி விகிதம் கேட்கிறார்கள். ஹெச்எம் (தலைமையாசிரியர்) பாட ஆசிரியரைக் கேட்கிறார். ஆசிரியர் கடைசி பெஞ்ச் பையனைக் கேட்கிறார். அவனுக்குக் கீழே தள்ளிவிட ஆள் இல்லை. பொதுத்தேர்வில் முதலிடம் பிடித்தவர்களின் பெயரை அறிவிப்பதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. பிள்ளைகள் மேல் விழும் போட்டி குறையட்டும் என்றுதான் அதைச் செய்தார்கள். நாமோ பள்ளி வாசலில் பிளெக்ஸ் வைத்து அதே போட்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம்.

ஓய்வறையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு டீச்சர் காலையில் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை மாலையில் முக்கால்வாசி நிறைந்தபடியே எடுத்துப் போவார். கும்பகோணத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர். பெண்களுக்கான கழிப்பறையில் தாழ்ப்பாள் உடைந்து பல மாதம் ஆகியிருந்தது. சிறுநீர்த் தொற்றுக்கு அவர் மூன்றாவது முறை மருந்து எடுக்கும்போதுதான் காரணம் எங்களுக்கே தெரிந்தது. அதே கழிப்பறையால் பெரிய பெண் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள், மாதவிலக்கு நாட்களில் லீவு போட்டார்கள். ஒரு தாழ்ப்பாள், ஒரு பக்கெட், மூடி போட்ட குப்பைத் தொட்டி. ஒரு மனநல முகாமை விட எங்கள் பள்ளியில் அதிக வேலை செய்தது அந்த மூன்றும்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர கல்வி சாராத வேறு வேலைகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. நடைமுறையில் எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, விதவிதமான படிவம், ராத்திரி ஒன்பதரைக்கு "உடனே அனுப்பவும்" என்று வாட்ஸ்அப். இதில் எல்லாவற்றையும் ஒரு ஹெச்எம் தடுக்க முடியாது. ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் அவசரம் இல்லாத செய்தியை குரூப்பில் போடுவதில்லை என்று முடிவெடுக்க யாருடைய ஆணையும் வேண்டியதில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்கிறார். அன்றைக்கு அவர் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தால் அவருக்கு யோகா வகுப்பு ஏற்பாடு செய்வது தீர்வாகாது. பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை அரை நாளாவது அனுப்பக் கேளுங்கள்.

இதைச் சொல்வதால் அடிப்பதற்கோ அவமானப்படுத்துவதற்கோ நான் நியாயம் கற்பிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் ஒருசேரத் தடை செய்கிறது. "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பதும் அந்தத் தடைக்குள் வரும். மாடு மேய்க்கும் அப்பாவின் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று, பிடி பீரியட், அதாவது விளையாட்டு நேரம். கணக்குக்கோ அறிவியலுக்கோ அதைக் கடன் வாங்காதீர்கள். திரும்பக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

பேரிடருக்குப் பிறகு பாடத்துக்கு ஓடுவது

இது என் சொந்தத் தவறு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்து கிடந்தன. பள்ளிகள் முகாம்களாயின. திரும்பத் திறந்தபோது அரையாண்டுத் தேர்வுக்கு நாள் நெருங்கிவிட்டது என்ற பதற்றம் எனக்கு. முதல் நாளே ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டுரை கொடுத்தேன், தலைப்பு புயல். ஒரு பையன் நான்கே வரி எழுதியிருந்தான். "எங்களுக்கு 62 தென்னை. எல்லாம் விழுந்துருச்சு. 4 நிக்குது. தாத்தா சாப்பிட மாட்டேங்குது." நான் சிவப்பு மையில் "விழுந்துருச்சு" என்பதை வட்டமிட்டு "விழுந்துவிட்டன" என்று திருத்தி, பத்துக்கு மூன்று போட்டேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் மதிப்பெண்ணைப் பார்க்கவே இல்லை, மூடி வைத்துவிட்டான். அதற்கப்புறம் அந்த வருடம் முழுக்க என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளமோ புயலோ வந்த பிறகு முதல் வாரம் தேர்வும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். ஆனால் மணி அடிப்பது, வருகைப் பதிவு, விளையாட்டு, மதியச் சாப்பாடு எல்லாம் வழக்கம் போல நடக்கட்டும். எல்லாம் கலைந்துபோன பிள்ளைக்கு அந்த வழக்கமே பிடிமானம். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "என்ன நடந்துச்சு, எல்லாருக்கும் சொல்லு" என்று வற்புறுத்துவது. படம் வரைய விரும்பினால் வரையட்டும், பேச வந்தால் காது கொடுங்கள், பேசாவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் தகரக் கூரை படபடத்தால் மறுபடி சில பிள்ளைகள் வெளிறிப் போவார்கள். காற்று வரும் என்று அறிவிப்பு வந்ததுமே எங்கே இருப்போம், யார் அழைத்துப் போவார்கள் என்று வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், கூரை இழந்த ஆசிரியரும் அதே வகுப்பில்தான் நிற்கிறார். வீடு எப்படி இருக்கிறது என்று அன்றைக்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது

பிள்ளை மனம் திறக்கும்போது பாசத்தில் இப்படிச் சொல்லிவிடுகிறோம். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரிந்தால் போலீஸுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும் என்கிறது போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம். ஹெச்எம்மிடம் சொன்னதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால் அந்தப் பிள்ளை இனி யாரையும் நம்பாது. "உனக்கு உதவ யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்பதே நேர்மையான பதில்.

சாக நினைக்கிறாயா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. கேட்டுவிட்டார்களே என்று பல பிள்ளைகளுக்கு மூச்சு விட முடிகிறது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், "படிப்பில் கவனம் வை, சரியாகிடும்" என்று பேசி அனுப்பாதீர்கள். பெற்றோரோடு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகும் வரை கூடவே ஒருவர் இருக்க வேண்டும். வீட்டிலேயே பிரச்சினை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். எங்கள் பள்ளியில் இந்த எண்களை வகுப்பறைகளில் எழுதியபோது ஓய்வறைச் சுவரிலும் எழுதினோம். முதலில் அழைத்தது ஒரு ஆசிரியர்தான்.