சாவோ மிகேல் தீவுக்கு முதல் பயணம்: மேகமும் அலையும் நிலச்சூடும் பார்த்துத் திட்டமிடுவது எப்படி?

அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் கூட்டத்தில் ஒன்பது எரிமலைத் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் பெரியது சாவோ மிகேல். "திங்கட்கிழமை ஏரி, செவ்வாய்க்கிழமை வெந்நீர்" என்று ஊரிலேயே அட்டவணை போட்டுக்கொண்டு போகிறவர்கள், பெரும்பாலும் பனிமூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இங்கே ஒரே நாளில் வெயிலும் மழையும் மாறி மாறி வரும். எதை முன்கூட்டியே முடிவு செய்வது, எதை அன்றன்று காலையில் முடிவு செய்வது என்று பிரித்துக்கொண்டால் போதும், பயணம் நன்றாக அமையும்.

படி 1: மாதம், விசா, விமானம்

மே முதல் செப்டம்பர் வரை போகலாம். சாலையோரம் நீல ஹைட்ரேஞ்சியா பூத்துக் கிடப்பதைப் பார்க்க ஜூலை சரியான மாதம். நீலத் திமிங்கிலம் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல், மே. இந்தியக் கடவுச்சீட்டுக்கு, ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. அதிக நாள் தங்குவது போர்ச்சுகலில் என்றால் அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனிலிருந்து, தீவின் விமான நிலையம் உள்ள பொந்தா தெல்காதா நகருக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம். தீவின் கடிகாரம் லிஸ்பனைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும்.

திரும்பும்போது, லிஸ்பனிலிருந்து ஊருக்கு ஏறும் விமானத்தை அதே நாளில் வைக்காதீர்கள். காற்றும் மூடுபனியும் தீவின் விமானங்களை அடிக்கடி தாமதப்படுத்தும். ஓர் இரவு இடைவெளி கட்டாயம். தீவில் ஐந்து முழு நாள்களாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் மேகம் விலகும்வரை காத்திருக்க நாள் மிஞ்சாது.

படி 2: கார்

பேருந்து உண்டு, ஆனால் மலை உச்சிக் காட்சிமுனைகளுக்கு அதை நம்பிப் போக முடியாது. வாடகைக் கார்களில் கியர் வண்டிகளே அதிகம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பால் பண்ணைத் தீவு இது. வளைவு திரும்பினால் மாட்டு மந்தை நிற்கலாம்.

படி 3: காலையில் முதல் வேலை, மேகம் பார்ப்பது

தீவெங்கும் நேரலைக் கேமராக்கள் உள்ளன. 'ஸ்பாட் அசோர்ஸ்' தளத்தில் காலை உணவின்போதே மூன்று இடங்களைப் பாருங்கள்: செத்தெ சிதாதெஸ், லகோவா தோ ஃபோகோ என்ற மலை ஏரி, ஃபூர்னாஸ். எது தெளிவாக இருக்கிறதோ அங்கே உடனே கிளம்புங்கள். மூன்றும் மூடியிருந்தால் கடற்கரை ஊர்களுக்குப் போங்கள். மேலே கண்ணை மறைக்கும் மேகம் இருக்கும்போதே கீழே வெயில் அடிக்கும்.

செத்தெ சிதாதெஸில் எரிமலை வாய்க்குள் நீல ஏரியும் பச்சை ஏரியும் ஒட்டிக் கிடக்கின்றன. நடுவில் ஒரு பாலம். இரண்டும் ஒரே நீர்தான். வெயில் விழுந்தால்தான் நிற வேறுபாடு தெரியும் என்பதால், மேகமூட்டத்தில் போனால் இரண்டும் சாம்பல் நிறமாகவே தெரியும். லகோவா தோ ஃபோகோவுக்குக் கோடையில் கார்களைக் கட்டுப்படுத்தி ஷட்டில் பேருந்து விடுவதுண்டு. கிளம்பும் முன் சரிபாருங்கள்.

படி 4: ஃபூர்னாஸ், மண்ணுக்குள் வேகும் சாப்பாடு

ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள். ஃபூர்னாஸ் ஏரிக்கரையில் நிலம் கொதிக்கிறது. மாட்டிறைச்சி, பன்றி, கோழி, தொத்திறைச்சி, முட்டைக்கோஸ், கேரட், உருளை, இன்யாமே எல்லாவற்றையும் அடுக்கி மூடிய பாத்திரத்தை, விடியும் முன்பே குழியில் இறக்கி மண் மூடுவார்கள். ஐந்தாறு மணி நேரம் கழித்து, நண்பகல் வாக்கில் தூக்குவார்கள். இதுதான் கொஸீதோ. இன்யாமே வேறொன்றுமில்லை, நம் சேப்பங்கிழங்கு. ஃபூர்னாஸில் வெதுவெதுப்பான ஓடை நீரில் வளர்கிறது.

பலர் தவறுவது இங்கேதான். பன்னிரண்டு மணிக்கு உணவகத்தில் போய்க் கேட்டால் கிடைக்காது. குழிக்குள் போன பாத்திரம் முன்பதிவு செய்தவர்களுக்கானது. பிறகு சேர்க்க வழியில்லை. முந்தின நாளே சொல்லுங்கள். சைவம் வேண்டுமென்றால் அதை அப்போதே தெளிவாகக் கேட்டு, தனிப் பாத்திரமா என்றும் உறுதி செய்யுங்கள். பாத்திரம் தூக்குவதைப் பார்க்கப் பதினொன்றரைக்கே ஏரிக்கரையில் இருங்கள். வேலியைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். மேல்மண் மெலிது, கீழே கொதிநீர்.

மாலையில் தெர்ரா நோஸ்த்ரா தோட்டத்துக் குளம். 35 முதல் 40 டிகிரி வெந்நீர், இரும்புச்சத்தால் காவி நிறம். வெளிர்நிற உடையும் துண்டும் கறையாகிவிடும், துவைத்தாலும் போகாது. கறுப்பு உடை அணியுங்கள். வெள்ளிக் கொலுசு, மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். ஃபூர்னாஸின் கந்தக ஆவி வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

படி 5: ஃபெராரியா, கடலுக்குள் வெந்நீர்

தீவின் மேற்கு முனையில், பாறைகளுக்கிடையே வெந்நீர் ஊற்று கடலோடு கலக்கிறது. கடல் வற்றும் நேரம் தெரியாமல் போனால் வீண். ஏற்றத்தின்போது குளிர்ந்த அலை புகுந்து சூட்டை விழுங்கிவிடும். வற்றம் முடியும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரமே இதமாக இருக்கும். அந்த நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், ஆகவே நேற்றைய நேரத்தை நம்பாதீர்கள். ரப்பர் செருப்போடு இறங்கி, கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அலை பெரிதாக இருந்தால் இறங்கவே வேண்டாம்.

படி 6: தேயிலை

கொர்ரியானா தோட்டம் 1883 முதல் இயங்குகிறது. மழை நாளுக்கு ஏற்ற இடம்: பழைய இயந்திரங்கள் ஓடும் ஆலையைச் சுற்றிப் பார்த்து, தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

படி 7: மக்களின் வழிபாடு

1522 அக்டோபரில் நிலநடுக்கத்தால் மலை சரிந்து, அன்றைய தலைநகர் விலா ஃபிராங்கா தோ காம்போவைப் புதைத்தது. அந்த அச்சத்திலிருந்து பிறந்த வேண்டுதல்தான் ரொமெய்ரோஸ் நடைப்பயணம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், சால்வை போர்த்தி, தடியும் ஜெபமாலையும் ஏந்திய ஆண்கள் குழுக்களாக ஒரு வாரம் தீவையே சுற்றி நடப்பார்கள். வழியில் கண்டால் காரை மெதுவாக்குங்கள், முகத்துக்கு நேரே கேமரா நீட்டாதீர்கள்.

ஈஸ்டருக்குப் பின் ஐந்தாம் ஞாயிறன்று பொந்தா தெல்காதாவில் சாந்தோ கிறிஸ்தோ என்னும் இயேசு சிலையின் பவனி, தெருவெங்கும் பூக்கோலம். அந்த வாரம் அறை கிடைப்பது கடினம், வெகு முன்பே பதிவு செய்யுங்கள். ஈஸ்டரை அடுத்த வாரங்களில் ஊர் ஊராகத் தூய ஆவி விழாவும் நடக்கும். அன்னதானம்போல எல்லோருக்கும் சூப் பரிமாறுவார்கள். அழைத்தால் தயங்காமல் உட்காருங்கள். சூப்பில் மாட்டிறைச்சி உண்டு. உண்ணாதவர்கள் மாஸ்ஸா சொவாதா என்னும் இனிப்பு ரொட்டியைக் கேட்டுப் பார்க்கலாம்.