120 ரூபாய்த் தொப்பியைத் தலைக்கு அடக்குவது எப்படி?

ஒகேனக்கல்லில் பரிசல்துறைக்குப் போகும் வழியில் 120 ரூபாய் கொடுத்து ஒரு தொப்பி வாங்கினேன். பிளாஸ்டிக் நார்ப் பின்னல், அகன்ற விளிம்பு, உள்ளே துணிப் பட்டை. அளவு கேட்டதற்கு, "எல்லாத் தலைக்கும் சேரும்" என்றார் கடைக்காரர். பாறைகளுக்கு நடுவே பரிசல் திரும்பிய இடத்தில் காற்று அடித்தது. தொப்பி தண்ணீருக்குப் போய்விட்டது. பரிசல்காரர் துடுப்பால் இழுத்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "சார், பரிசலை நான் பிடித்துக்கொள்கிறேன். தொப்பியை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். கரை சேரும்வரை ஒரு கை தலையிலேயே இருந்தது.

எங்களுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு இருக்கிறது. மே மாதம் மாங்காய் பறிக்கும்போது ஒரு கையைத் தலைக்குக் கொடுக்க முடியாது. அதனால் தொப்பியைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். இரண்டு முறை கெடுத்து, மூன்றாவது முறை சரியாக வந்தது.

முதல் வேலை, அளவு. புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுகளுக்குச் சற்று மேலே, பின்னந்தலைப் புடைப்பைச் சுற்றித் தையல் டேப்பை ஓட்டுங்கள். டேப் இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். தொப்பியின் உட்பட்டையையும் அதேபோல அளந்துகொள்ளுங்கள். என் தலை 57 சென்டிமீட்டர், தொப்பி 59. இரண்டே சென்டிமீட்டர்தான் அதிகம்.

நான் கோட்டைவிட்டது இங்கேதான். இரண்டு சென்டிமீட்டர் இடைவெளிக்கு நல்ல தடிமனாக எதையாவது வைக்க வேண்டும் என்று நினைத்து, கதவு இடுக்கில் ஒட்டும் 10 மில்லிமீட்டர் ஸ்பாஞ்சு டேப்பை வாங்கிச் சுற்றிலும் ஒட்டினேன். தொப்பி தலைக்குள் இறங்கவே இல்லை. உச்சியில் தட்டு கவிழ்த்தது போல நின்றது. மகளின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வட்டத்தின் உட்பக்கம் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வைத்தால் சுற்றளவில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் குறையும். 10 மில்லிமீட்டர் வைத்தால் ஆறு சென்டிமீட்டர் போய்விடும்! ஆகவே, அதிகமாக இருக்கும் அளவை ஆறால் வகுங்கள். எனக்கு 20 மில்லிமீட்டர். வகுத்தால் மூன்றுக்குச் சற்று மேல். அவ்வளவு தடிமன் போதும். அழுந்தக்கூடிய பொருளாக இருந்தால் நான்கு வைக்கலாம். தொப்பி தலையைவிட நான்கு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக இருந்தால் மெனக்கெடாதீர்கள், வீட்டில் பெரிய தலைக்காரர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

என்ன வைப்பது? செய்தித்தாளை மடித்து வைக்கலாம் என்பார்கள். அவசரத்துக்கு ஒரு நாள் தாங்கும், வியர்வை பட்டதும் கூழாகிவிடும். ஸ்டேஷனரிக் கடைகளில் கைவினைக்கு விற்கும் இரண்டு மில்லிமீட்டர் ஃபோம் ஷீட் பரவாயில்லை, ஆனால் வியர்வையை உறிஞ்சாது. என் ஓட்டு பழைய டர்க்கி டவலுக்குத்தான். உட்பட்டையைவிட அரை சென்டிமீட்டர் குறைந்த அகலத்தில் மடிப்பு வரும்படி வெட்டி, இரண்டாக மடித்து, ஓரத்தைத் தைத்துக்கொள்ளுங்கள்.

உட்பட்டையின் மேல் ஓரம் பை போலத் திறந்திருந்தால் டவல் துண்டை உள்ளே செருகிவிடலாம். மலிவுத் தொப்பிகளில் பெரும்பாலும் இரண்டு ஓரத்தையும் தைத்துவிடுகிறார்கள். பிளேடு முனையால் மேல் தையலை ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் பிரித்தால் போதும்.

சுற்றிலும் ஒரே துண்டாக வைக்காதீர்கள். முதலில் நெற்றிக்கு ஒன்று, பின்னந்தலைக்கு ஒன்று. போட்டுக்கொண்டு தலையை ஆட்டிப் பாருங்கள், குனிந்து பாருங்கள். இன்னும் ஆடினால் மட்டும் காதுகளுக்கு மேலே சின்னத் துண்டுகளை வையுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள பொட்டுப் பகுதியை அழுத்தவிட்டால் அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும்.

இருப்பிடம் பிடிபட்டதும் ஊசி நூலால் பத்துப் பன்னிரண்டு தையல் போடுங்கள். பசை வேண்டாம். என் இரண்டாவது தோல்வி பசையால் வந்தது. சட்டென்று ஒட்டும் குழாய்ப் பசை பருத்தித் துணியில் பட்டால் வேகமாக இறுகும்; அப்போது விரலைச் சுடும் அளவுக்குச் சூடு கிளம்பும். சுட்டது. காய்ந்த இடம் ஓடு போலக் கெட்டியாகி நெற்றியை உரசியது வேறு.

துணித் தொப்பி என்றால் எலாஸ்டிக் எளிது. பின்பக்கம் காதுக்குக் காது அளந்து, அதைவிட நான்கைந்து சென்டிமீட்டர் குறைவாக எலாஸ்டிக்கை வெட்டி, இரு முனைகளையும் நடுவையும் முதலில் தைத்துக்கொண்டு, இழுத்துப் பிடித்தபடியே மற்ற இடங்களைத் தைக்க வேண்டும். நேர்த்தையல் போட்டால் இழுபடும்போது நூல் அறும். பர்கூருக்குத் துணி எடுக்கப் போகும்போது அரை இஞ்ச் எலாஸ்டிக்கையும் வாங்கி வந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், வெந்நீரில் நனைத்தால் தொப்பி சுருங்காதா என்று கேட்டிருந்தார். பருத்தி சற்றுச் சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது. உள்ளிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி; உருகிக் கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர். ஓலைத் தொப்பி போலவே இருக்கும் காகித நார்த் தொப்பியை மட்டும் நனைத்துவிடாதீர்கள். இன்னொருவர் தையலுக்குச் சோம்பல்பட்டு ஸ்பாஞ்சு டேப் ஒட்டியிருக்கிறார். ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் முடித்த தலையோடு தொப்பியைப் போட, டேப் கழன்று முடியில் சிக்கிக்கொண்டதாம்.

பரிசலில் போகிறவர்கள் இத்தனையும் செய்த பிறகும் இரண்டு பக்கமும் துளையிட்டு, தாடைக்குக் கீழே ஒரு நாடா கட்டிக்கொள்ளுங்கள். நான் கட்டியிருப்பது பழைய ஷூ லேஸ்.