வோகலாய்ட் பாட்டு பரிந்துரைப்பவர்கள் செய்யும் தவறுகள்

எழுதிக் கொடுத்த வரிகளைக் கணினிக் குரலே பாடும் ஜப்பானியக் குரல் மென்பொருள் பாடல்களில், பேச்சு வழக்கில் வோகலாய்ட் பாடல்களில், ஊறிப்போன ஒருவரிடம் நல்ல பாட்டாக ஒன்று சொல்லச் சொன்னால், பெரும்பாலும் வரும் பதில் "ஹட்சுனே மிக்கு கேளுங்கள்" என்பதுதான். இதைப் பரிந்துரை என்றே சொல்ல முடியாது. மிக்கு என்பது சப்போரோ நகரத்து கிரிப்டன் ஃப்யூச்சர் மீடியா நிறுவனம் 2007 ஆகஸ்ட் 31 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்த ஒரு குரல் தொகுப்பு. யமஹாவின் வோகலாய்ட் 2 தொழில்நுட்பத்தில் இயங்கிய அதற்கு, குரல் நடிகை சாகி ஃபுஜிதா பதிவு செய்து கொடுத்த ஒலித்துணுக்குகள்தான் மூலப்பொருள். அதை வாங்கிய எவரும் அந்தக் குரலில் பாட்டு அமைக்கலாம். அதனால் மிக்குவின் குரலில் மெட்டலும் உண்டு, ஜாஸும் உண்டு, தாலாட்டும் உண்டு, காதைப் பொத்திக்கொள்ள வைக்கும் இரைச்சலும் உண்டு. "மிக்கு கேளுங்கள்" என்றால் கேட்டவர் எங்கே போய் விழுவார் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

சொல்ல வேண்டியது பாட்டை உருவாக்கியவரின் பெயர். ரசிகர்கள் அவர்களைத் தயாரிப்பாளர் (புரொடியூசர்) என்ற பொருளில் 'பி' என்கிறார்கள். பெயரின் வாலிலேயே அந்த எழுத்து ஒட்டிக்கொண்டவர்களும் பலர். மெட்டு, வரிகள், வாத்தியம், குரலின் ஏற்ற இறக்கம் என்று எல்லாவற்றையும் ஒருவரே செய்வது இங்கே வெகு சாதாரணம். திரைப்பாடலை இசையமைப்பாளர் பெயரைச் சொல்லியே அடையாளம் காட்டிப் பழகிய நாம், இந்தப் பாடல்களுக்கு மட்டும் குரலுக்கு முகமாக அட்டைப்படத்தில் வரைந்திருக்கும் பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அண்மைக் காலமாக இன்னொரு தவறும் சேர்ந்திருக்கிறது. "இது ஏஐ பாட்டு" என்று அறிமுகப்படுத்துவது. கேட்பவர் உடனே, யாரோ ஒரு வரி கட்டளை தட்டினார், முழுப் பாட்டும் வந்து விழுந்தது என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் நடப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்கள். இடது ஓரத்தில் நிமிர்த்தி வைத்த பியானோ கட்டைகள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு பட்டை வரைந்து, அதற்குள் ஓர் அசையைத் தட்டச்சு செய்ய வேண்டும். அப்படியே ஓடவிட்டால் பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போலத்தான் இருக்கும். சொல்லின் கடைசியில் சுருதியைச் சற்றே இறக்குவது, நீளும் உயிரெழுத்தில் நடுக்கத்தை எங்கே தொடங்குவது, வரிக்கு முன்னால் மூச்சிழுக்கும் ஓசையைச் செருகுவது என்று மேலே கை வைத்த பிறகுதான் அது பாட்டாகிறது. புதிய மென்பொருள்களில் செயற்கை நுண்ணறிவு குரலின் இயல்பைத் தானே ஓரளவு கூட்டித் தருகிறது என்பது உண்மை. ஆனால் என்ன பாட வேண்டும் என்பதை அங்கேயும் மனிதர்தான் எழுதுகிறார்.

வோகலாய்ட் என்பது யமஹாவின் மென்பொருளுக்கு மட்டுமான பெயர்; இதேபோல் பாடும் வேறு மென்பொருள்களும் உண்டு. எல்லாவற்றையும் வோகலாய்ட் என்று அழைப்பது பேச்சு வழக்கில் போகட்டும். தேடும்போதுதான் சிக்கல். காசானே டெட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 ஏப்ரல் முதல் தேதி முட்டாள்கள் தினக் கேலியாகப் பிறந்த போலிப் பாத்திரம் அது. பிறகு உட்டாவ் என்ற இலவச மென்பொருளில் உண்மையான குரலாகவே மாறிவிட்டது. 2023இல் சின்தசைசர் வி மென்பொருளுக்காகப் புதிய குரல் வெளிவந்தது. 2024இல் மிக்குவும் டெட்டோவும் சேர்ந்து பாடிப் பெருவெற்றி பெற்ற 'மெஸ்மரைசர்' பாட்டில் இருப்பது அந்தப் புதிய குரல். அதில் மயங்கியவரிடம் "டெட்டோ பாட்டு நிறைய இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், அவர் பழைய பதிவொன்றைத் திறந்து, இது வேறு யாரோ என்று மூடிவிடுவார். எந்த மென்பொருளின் குரல் என்று சேர்த்துச் சொன்னால் தீர்ந்தது.

முதல் பாட்டாக எதைக் கொடுப்பது என்பதில்தான் ரசிகர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மனிதரால் பாட முடியாத வேகத்தில் மிக்கு வார்த்தைகளைக் கொட்டும் 2008ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று இருக்கிறது. ரசிகர்களுக்கு அது சாதனை, புதியவருக்குத் தலைவலி. உச்சஸ்தாயிக் குரல் பிடிக்காதவருக்கு மெகுரினே லூக்கா என்ற இன்னொரு குரல் தொகுப்பின் தாழ்ந்த குரலில் 2009இல் வந்த 'ஜஸ்ட் பி ஃபிரெண்ட்ஸ்' என்ற பிரிவுப் பாட்டைத் தரலாம். அமைதியாக நகரும் பாட்டு வேண்டுபவருக்கு இனாபாகுமோரி என்ற தயாரிப்பாளரின் 'லாக்டிரெயின்' இருக்கிறது. அதில் ஒலிப்பது காய் யூகி, தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றின் குரலிலிருந்து செய்த தொகுப்பு. பார்வை எண்ணிக்கையைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள். விளையாட்டுச் செயலியில் இடம்பெற்றதாலும் நடன வீடியோக்களாலும் அந்த எண் வீங்கியிருக்கும்.

துள்ளல் இசையை நம்பிக் குழந்தைகளுக்கு அனுப்புவது எனக்கு உண்மையாகவே கவலை தரும் தவறு. வோவாகா என்ற தயாரிப்பாளர் 2010இல் வெளியிட்ட 'ரோலிங் கேர்ள்' பியானோ பாய்ந்தோடும் பாட்டு; ஜப்பானிய மொழி தெரியாதவர் தலையாட்டிக்கொண்டே கேட்டு முடித்துவிடலாம். வரிகளில் இருப்பதோ இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை என்று தன்னை உருட்டிக்கொண்டே போகும் பெண். அவள் கடைசியில் வந்து நிற்பது மூச்சை நிறுத்தும் இடத்தில். இப்படி இனிமையான மேல்தோலுக்குள் தற்கொலையும் கொடுமைப்படுத்தலும் பேசும் பாடல்கள் இந்த உலகில் ஏராளம். பாட்டுகள் மோசமானவை அல்ல, பல மிக நல்லவை. ஆனால் அனுப்பும் முன் மொழிபெயர்ப்பை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

இணைப்பு அனுப்பும்போது உருவாக்கியவரின் சொந்தப் பக்கத்தையே கொடுங்கள். பழைய பாடல்கள் பல முதலில் நிக்கோ நிக்கோ என்ற ஜப்பானிய வீடியோ தளத்தில் வந்தவை. யூடியூபில் முதலில் கண்ணில் படுவது வேறு யாரோ மறுபதிவேற்றம் செய்ததாக இருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் "மெஷின் குரல் எனக்கு ஒத்துவரவில்லை" என்று ஒருவர் சொன்னால், இன்னும் பத்து பாட்டை அவர் தலையில் கட்டாதீர்கள். மனிதக் குரலிலிருந்து தொடங்கலாம். ஹச்சி என்ற பெயரில் மிக்குவுக்கும் குமி என்ற மென்பொருள் குரலுக்கும் எழுதியவர்தான் இன்று தன் குரலிலேயே பாடும் யோனெசு கென்ஷி. யொவாசோபி என்ற ஜப்பானிய இசை இணையின் பாடல்களை எழுதும் அயாசே மென்பொருள் குரல்களுக்கு எழுதி வந்தவர். பலூன் என்ற பெயரில் இயங்கியவர் 2016இல் ஃப்ளவர் என்ற மென்பொருள் குரலில் வெளியிட்ட 'சார்ல்ஸ்' பாட்டை அவரே பாடிய பதிவும் கிடைக்கிறது. முதலில் அதைப் போடுங்கள். பிடித்திருந்தால், ஃப்ளவர் பாடிய மூலப்பதிவு எங்கே என்று அவரே கேட்பார். கேட்காவிட்டாலும் ஒரு நல்ல பாட்டு கேட்டிருப்பார்.