கண்காட்சிக்கு எடுத்துப்போகும் ரயில் மாடல்: இரண்டு பலகையைச் சேர்ப்பது எப்படி?

பள்ளிக் கண்காட்சியிலோ திருவிழாப் பொருட்காட்சியிலோ ரயில் மாடல் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டு மேசையில் ஓடினால் மட்டும் போதாது. கழற்றி வண்டியில் ஏற்றி, வேறு ஊரில் மறுபடி பூட்டிய பிறகும் ஓடவேண்டும். தண்டவாளம், எஞ்சின், கன்ட்ரோலர் அடங்கிய ஸ்டார்ட்டர் செட் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. அளவு

நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு, அதாவது 1:87 விகிதமுள்ள ஹெச்ஓ (HO) அளவை எடுங்கள். 1:160 'என்' அளவு இடம் அடைக்காதுதான், ஆனால் கூட்டத்தில் பின்னால் நிற்கும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. ஹெச்ஓ தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நம் அகலப்பாதையின் 1676 மி.மீ. இந்த விகிதத்தில் 19-க்குச் சற்று மேல் வரும், மீட்டர் பாதை 11.5 வரும். இரண்டுக்கும் பொருந்தவில்லையே என்று கவலைப்படவேண்டாம். நாகப்பட்டினம் - திருச்சி பாதையே 1860-களில் அகலமாகப் போடப்பட்டு, அப்புறம் மீட்டராகி, மறுபடி அகலமானதுதான்.

2. பலகை

எட்டுக்கு நான்கு அடி, 12 மி.மீ. பிளைவுட். கடையிலேயே நாலடிச் சதுரமாக இரண்டாக அறுத்து வாங்கினால் குட்டி யானையில் அடங்கும். அடியில் ரீப்பர் சட்டம் அடியுங்கள். ஐப்பசி அடைமழையில் பிளைவுட் ஈரம் இழுத்து உப்பும். அதனால் அறுத்த ஓரங்களுக்கும் பெயிண்ட் கட்டாயம்.

18 அங்குல ஆர வளைவுகளோடு நீள்வட்டமாகப் போட்டால், பலகைகள் சேரும் கோடு நேர்த் தண்டவாளத்தின் நடுவில் விழும். வளைவோ பாதை பிரியும் இடமோ அந்தக் கோட்டில் வரவே கூடாது.

3. சேரும் இடம்

என்னை அதிகம் படுத்தியது இதுதான். வீட்டில் வழுக்கிக்கொண்டு ஓடும் ரயில், பந்தலில் பூட்டியதும் இந்த இடத்தில் மட்டும் தடம் புரளும். தண்டவாள முனைகள் அரை மில்லி விலகினாலே போதும். வெறும் போல்ட்டை நம்பினால் ஓட்டையில் இருக்கும் சிறு இடைவெளி விளையாடிவிடும்.

இரண்டு சட்டத்தையும் சேர்த்து, கம்பி உருவக்கூடிய கீல் இரண்டு பூட்டுங்கள். கம்பியை உருவினால் பலகை பிரியும், செருகினால் பழைய இடத்திலேயே உட்காரும். இறுக்கத்துக்குப் போல்ட்டும் வாஷரும்.

அப்புறம் கோட்டுக்கு இருபுறமும் ஓர் அங்குலத்துக்கு, தண்டவாளத்தின் அடியில் குறுக்கே இருக்கும் பிளாஸ்டிக் கட்டைகளை வெட்டி எடுத்துவிட்டு, ஒவ்வொரு தண்டவாளத்துக்கு அடியிலும் கோட்டை ஒட்டி, பலகைக்கு ஒன்றாகப் பித்தளை ஸ்க்ரூ இறக்குங்கள். கும்பகோணம் பக்கம் பித்தளைக்கா பஞ்சம்! ஸ்க்ரூவின் தலை தண்டவாளத்தின் அடியைத் தொட்டும் தொடாமலும் நிற்கவேண்டும். தண்டவாளத்தை வெட்டாமல் முழு நீளமாக மேலே வைத்து, ஸ்க்ரூவோடு சால்டர் செய்யுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன் வேண்டாம். அது சூடேற்றி முடிப்பதற்குள் பக்கத்துக் கட்டைகள் உருகிவிடும். 60 வாட் என்றால் தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும். கட்டைகள்மேல் ஈரப் பஞ்சு வையுங்கள்.

எல்லாம் ஆறிய பிறகு, பலகைகள் பூட்டியபடியே இருக்க, மெல்லிய ரம்பத்தால் கோட்டில் தண்டவாளத்தை அறுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அறுத்துவிட்டுப் பொருத்தப் பார்த்தால் நேர்கோடு கிடைக்காது.

4. நிலம்

மாடல் புத்தகங்களில் மலையும் குகையும்தான் வரும். தஞ்சாவூர்ப் பக்கம் மலை ஏது? இங்கே வெள்ளத்துக்குப் பயந்து மண்ணணை எழுப்பி அதன்மேல்தான் ரயில் போகிறது. ஆகவே தண்டவாளத்துக்கு அடியில் தெர்மாகோல் கொடுத்து உயர்த்துங்கள், இருபுறமும் வயல் தாழ்ந்திருக்கட்டும். இடையில் ஒரு வாய்க்கால், அதன்மேல் சிறு பாலம். பார்க்கிறவர்கள் ‘இது நம்மூர்’ என்று சொல்ல இதுவே போதும்.

ஆற்று மணலைச் சலித்து ஜல்லியாகத் தூவுமுன் காந்தத்தை அதில் நன்றாகத் துழாவுங்கள். ஒட்டும் கருமணல் மோட்டாருக்குள் போனால் எஞ்சின் வீண். தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் மணலுக்குள் இறங்கிப் பிடிக்கும்.

பிற்சேர்க்கை: கன்ட்ரோலருக்கு எதிர்ப்பக்கம் ரயில் மெதுவாகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் தகடுகள் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாததுதான் காரணம். பலகைக்கு அடியில் கனமான வயர் இரண்டு ஓட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அதிலிருந்து சிறு வயர் சால்டர் செய்து கொடுங்கள். பலகைகளுக்கு நடுவே ஒரு பிளக். தூசி படிந்தாலும் ரயில் நின்று நின்று போகும். அதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும். உப்புத்தாள் தேய்த்தால் கீறல் விழுந்து, அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும்.