சுமையோடு கலிபியே கணவாய்: சைக்கிளில் முதல்முறை ஏறுபவர்களுக்கு

கூடாரம், படுக்கை, அடுப்பு எல்லாம் கட்டிக்கொண்டு பிரான்ஸின் ஆல்ப்ஸ் கணவாய் ஒன்றை ஒரே நாளில் கடக்க நல்ல பாதை இது. சென் மிஷெல் த மொரியெனில் (712 மீ) கிளம்பி, தெலெகிராஃப் கணவாய் (1,566), வல்வார் சிற்றூர் (1,401), கலிபியே (2,642), லொத்தாரே கணவாய் (2,058) வழியாகப் பிரியான்சோன் நகரம். தூரம் 70 கி.மீ. சொச்சம்தான், ஏற்றம் மட்டும் 2,100 மீட்டர். குளிர்காலம் முழுக்கப் பாதை பனியில் மூடியிருக்கும். பொதுவாக ஜூனில் திறப்பார்கள், அப்போதும் நிலவரம் பார்த்துவிட்டே போங்கள்.

1. கியர். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். ஆள், வண்டி, சுமை சேர்த்து 110 கிலோ என்றால் 7 விழுக்காடு மேட்டில் (100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏறுவது) மணிக்கு 6 கி.மீ. போவதே பெரிது. முன் பல்சக்கரத்தில் 26 பல், பின் பல்சக்கரத்தில் 36 பல் இருந்தால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தபடி கிட்டத்தட்ட அந்த வேகம் வரும். 34-க்கு 34 வைத்தால் அதே வேகத்துக்கு 43 சுற்றுதான்; ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அடி வாங்கும்.

2. சுமை. 20 கிலோவுக்குள் நிறுத்துங்கள். கனமானவை பக்கப்பைகளின் அடியில், இடமும் வலமும் எடை சமமாக. எல்லாவற்றையும் பின்னால் ஏற்றினால் மேட்டில் முன்சக்கரம் அலையும், பின்சக்கர ஸ்போக் உடையும். கேரியர் போல்ட்டுகளை முந்தின நாளே இறுக்கிவிடுங்கள். அதிர்வில் முதலில் கழல்வது அவைதான்.

3. காலை 7 மணிக்குக் கிளம்புங்கள். கோடையில் பிற்பகல் இடிமழை வரும், 2 மணிக்குள் உச்சியைத் தாண்டிவிடுவது நல்லது. தெலெகிராஃப் வரை 11.9 கி.மீ., சராசரி 7.1 விழுக்காடு, இரண்டு மணி நேரம். இங்கே பேச்சுக் கொடுக்கும் அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும். இல்லையென்றால் வேகம் அதிகம்.

பசிக்கும்வரை காத்திருக்காதீர்கள். முதல் மணியிலிருந்தே மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வேண்டும்: பெரிய வாழைப்பழம் இரண்டு, அல்லது பாகெத் ரொட்டியில் 100 கிராம். வல்வாரில் தண்ணீர் நிரப்பி, சாப்பாட்டையும் வாங்கிவிடுங்கள். பிரெஞ்சு சிற்றூர்க் கடைகள் பல நண்பகலில் மூடினால் மாலைதான் திறக்கும். 'ஓ நோன் பொத்தாப்ல்' என்று எழுதிய குழாய்த் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல.

4. வல்வாரிலிருந்து கலிபியே உச்சிவரை ஏறக்குறைய 18 கி.மீ. முதல் 10 கி.மீ. ஓரளவு மிதம், அந்த மிதத்தில் ஏமாந்து கால்களைத் தீர்த்துவிடுபவர்கள் அதிகம். ப்ளான் லஷாவில் (1,962 மீ) பாதை ஓடையைத் தாண்டி வலப்பக்கம் திரும்பி மேலேறும். அங்கிருந்து கடைசி 8 கி.மீ. சராசரி 8.5 விழுக்காடு. சாலையோரக் கிலோமீட்டர் கற்களில் உயரமும், அடுத்த கிலோமீட்டரின் சரிவும் இருக்கும். கல்லுக்குக் கல் கணக்கு வைத்து, 9 விழுக்காட்டைத் தாண்டும் இடத்துக்கு முன்பே சிறிய கியருக்கு மாறிவிடுங்கள். அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் செயின் கழன்று, சுமையோடு சாய்ந்துவிடுவீர்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள சுரங்கப்பாதையில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. அதன் மேலே போகும் கடைசிக் கிலோமீட்டர்தான் மிகச் செங்குத்து. தள்ளிக்கொண்டு போவதில் குறைவொன்றும் இல்லை.

5. இறக்கம். அடிவாரத்தில் 25 டிகிரி என்றால் உச்சியில் 12 இருக்கலாம், அதற்கு மேல் காற்று. வேர்த்த பனியனை மாற்றி, கையுறையும் காற்றுத்தடுப்புச் சட்டையும் போட்டபின் இறங்குங்கள். கை விறைத்தால் பிரேக் பிடிக்க வராது.

பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள். 7 விழுக்காடு சரிவில் இந்த 110 கிலோவை மணிக்கு 20 கி.மீ.யில் தேக்கி வைத்தால் 300 வாட்டுக்கு மேல் வெப்பம் ஓயாமல் ரிம்மில் ஏறும், டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக் என்றால் அதன் பேட் பளபளப்பாகிப் பிடிமானம் போகும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விட்டுவிடுங்கள். கருகிய வாடை வந்தால் நின்று பத்து நிமிடம் ஆறவிடுங்கள். ஹேண்டில்பார் நடுங்கினால் குறுக்குக் குழாயை முழங்கால்களால் இறுக்கி, மெதுவாக வேகம் குறையுங்கள்.

6. லொத்தாரேயிலிருந்து பிரியான்சோன் 28 கி.மீ. இறக்கமே. ஆனால் பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்று எதிரே மேல்நோக்கி வீசும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கி, ஒரு துண்டு ரொட்டி மிச்சம் வையுங்கள். வெளிச்சம் மங்கினால், ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கி சட்டப்படி கட்டாயம். அவசர எண் 112. கூடாரம் போடும் முன் பின்சக்கர ஸ்போக்குகளை இரண்டிரண்டாகக் கிள்ளிப் பாருங்கள். தளர்ந்தது எதுவென்று விரலுக்கே தெரியும்.