தாய்லாந்து மனைவி, சின்னக் குழந்தை, இந்தியப் பாஸ்போர்ட்: பக்கத்து நாடுகளுக்குப் போய்வருவது எப்படி?

நோங்காய் பாலம் தாண்டி லாவோஸ் பக்கம் இறங்கிய முதல் தடவை, என் மனைவியும் மகளும் பாஸ்போர்ட்டை நீட்டி, முத்திரை வாங்கிக்கொண்டு, இரண்டே நிமிடத்தில் உள்ளே போய்விட்டார்கள். நான் மட்டும் விசா கவுண்டரில் நிற்கிறேன். போட்டோ கொண்டுபோகவில்லை. பால் புட்டி, டயபர், மாற்றுத் துணி எல்லாம் என் தோளில் தொங்கிய பையில் இருந்தன. அந்தப் பக்கம் மகள் அழ ஆரம்பிக்க, இந்தப் பக்கம் நான் போட்டோ இல்லாததற்குக் கூடுதலாகக் கொஞ்சம் கட்டி, வரிசையில் முன்னால் நின்ற நான்கு பேரும் படிவம் எழுதி முடிக்கிறவரை வேடிக்கை பார்த்தேன்.

அன்றைக்குத்தான் உறைத்தது, நாங்கள் ஒரே குடும்பமாக இருந்தாலும் எல்லையில் இரண்டு குடும்பம். அவர்கள் இருவரும் தாய்லாந்துக்காரர்கள், லாவோஸ், மலேசியா இரண்டுக்கும் விசா இல்லாமல் 30 நாள் போகலாம். காகிதம் தேடி ஓட வேண்டியது நான் மட்டும். பாங்காக்கில் சீலோம் மாரியம்மன் கோயில் பக்கம் பார்க்கிற நம் ஆட்கள், "குழந்தைக்கு என்ன எடுக்கணும்? வைஃபுக்கு என்ன எடுக்கணும்?" என்றுதான் கேட்கிறார்கள். "எனக்கு என்ன எடுக்கணும்?" என்று கேட்பவர் குறைவு. ஆகவே இந்தக் குறிப்பு முக்கியமாக அப்பாக்களுக்கு: இந்தியப் பாஸ்போர்ட்டோடு, தாய்லாந்து மனைவியை வைத்து நான்-ஓ என்ற குடும்ப விசாவில் தாய்லாந்தில் குடியிருப்பவர்களுக்கு.

முதல் படி: திரும்பி வருவதற்கு வழி செய்யுங்கள்

டிக்கெட், ஓட்டல் எல்லாம் அப்புறம். முதலில் ரீ-என்ட்ரி பெர்மிட். வருஷா வருஷம் 4 லட்சம் பாட் வங்கியில் போட்டுக் காட்டியோ, மாதம் 40,000 பாட் வருமானம் காட்டியோ வாங்குகிற அந்தத் தங்கும் அனுமதி, இந்தப் பெர்மிட் இல்லாமல் நீங்கள் நாட்டை விட்டு வெளியே கால் வைத்த நிமிடமே செத்துப்போகும். இரண்டு நாள் லாவோஸ் தலைநகர் வியந்தியான் போனாலும் அப்படித்தான். மனைவி கூடவே இருக்கிறாரே, குழந்தை இடுப்பில் இருக்கிறதே என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

டிஎம் 8 என்ற படிவம், ஒரு போட்டோ, பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், தங்கும் அனுமதி முத்திரை, கடைசியாக நுழைந்த முத்திரை ஆகியவற்றின் நகல்கள். ஒரு தடவைக்கு 1,000 பாட், எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வர 3,800 பாட். வருஷத்தில் நான்கு தடவை எல்லை தாண்டுகிறவர் என்றால் 3,800 கட்டிவிடுவதே லாபம், ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் தலைவலியும் போச்சு. சுவர்ணபூமி விமான நிலையத்திலும் போடுகிறார்கள். தரைவழியாகப் போகிறவர்கள் எல்லையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள், எல்லா எல்லையிலும் அந்த வசதி இல்லை.

இரண்டாம் படி: குழந்தையின் பாஸ்போர்ட்

தாய்லாந்து பாஸ்போர்ட் எடுப்பது சுலபம். ('தாய் பாஸ்போர்ட்' என்று எழுதினால் அம்மாவின் பாஸ்போர்ட் என்று படித்துவிடுவீர்கள், இங்கே இரண்டும் ஒன்றுதான்.) பிறப்புச் சான்றிதழ், தபியன் பான் என்கிற வீட்டுப் பதிவேடு, திருமணச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை, அப்பாவின் அசல் பாஸ்போர்ட். அப்பா அம்மா இருவருமே நேரில் போய்க் கையெழுத்துப் போடுவது நல்லது, ஒருவர் வர முடியாவிட்டால் முறையான சம்மதக் கடிதம் வேண்டும். ஐந்து வருஷப் பாஸ்போர்ட் 1,000 பாட்.

தகராறு பெயரில்தான். தாய்லாந்தில் எல்லாருக்கும் குடும்பப் பெயர் உண்டு, நமக்கு இனிஷியல்தான். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. பிறப்பைப் பதியும்போது அந்தக் கட்டத்துக்கு என்ன எழுதுவது என்று எழுத்தர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருக்க, என் சொந்தப் பெயரையே மகளின் குடும்பப் பெயராக எழுதினோம். மனைவி கல்யாணத்துக்குப் பிறகும் தன் அப்பாவின் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார். ஆக மூன்று பாஸ்போர்ட்டையும் வரிசையாகப் பரப்பினால் மூன்று பேரும் ரயிலில் பழக்கமானவர்கள் மாதிரி இருக்கும். அதனால் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியுறவு அமைச்சகத்தின் தூதரகப் பிரிவில் சான்று பெற்று, நகலோடு பையிலேயே வைத்திருக்கிறேன். போனில் போட்டோவாகவும் இருக்கிறது, ஆனால் எல்லையில் சார்ஜ் தீர்ந்த போனால் பிரயோஜனமில்லை.

நீங்கள் இல்லாமல் மனைவி மட்டும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவதென்றால், அல்லது நீங்கள் மட்டும் கூட்டிப்போவதென்றால், மற்றவரின் சம்மதக் கடிதத்தை அம்போவில், அதாவது மாவட்ட அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஓசிஐ அட்டை எடுத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். இந்தியாவுக்குள் நுழையத்தான் அது, லாவோஸில் அது வெறும் அட்டை.

மூன்றாம் படி: எந்த நாடு?

முதல் பயணத்துக்கு நான் சொல்வது லாவோஸ் அல்லது மலேசியா. கம்போடியாவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 2025 நடுவில் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் சண்டை மூண்டு தரைவழி எல்லைகளை மூடினார்கள். அங்கோர்வாட் எங்கேயும் ஓடிப்போகாது, தாய்லாந்து பாஸ்போர்ட்டோடு ஒரு குழந்தையை அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்கும் நேரம் இது இல்லை. வியட்நாம் போக நமக்கு இ-விசா 25 டாலர், அவர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் தாய்லாந்தோடு நேரடி எல்லை கிடையாது, விமானம்தான். சிங்கப்பூருக்கு நமக்கு முன்கூட்டியே விசா வேண்டும், அவர்களுக்கு வேண்டாம்.

நான்காம் படி: லாவோஸ்

பாங்காக்கின் குருங்தேப் அபிவத் நிலையத்திலிருந்து (பாங் சூ என்றால்தான் டாக்ஸிக்காரருக்குப் புரியும்) இரவு ரயில். 2024 ஜூலையிலிருந்து வியந்தியான் வரைக்கும் நேராகவே ரயில் விடுகிறார்கள். நான் இன்னும் நோங்காயிலேயே இறங்கி, பாலத்தைப் பஸ்ஸில் கடக்கிற ஆள், விசா வாங்க அந்த இடம் எனக்குப் பழக்கம். பாலத்தில் நடந்து போக விட மாட்டார்கள். எந்த வழியில் போனாலும் தூக்கத்தில் இருக்கும் குழந்தையையும் மூட்டை முடிச்சையும் இறக்கித்தான் தாய்லாந்து முத்திரை வாங்க வேண்டும், அதனால் சாமான் குறைவாக இருக்கட்டும். படுக்கை எடுக்கும்போது கீழ்ப் படுக்கையாக எடுங்கள், மேலே உள்ளதைவிட அகலம், குழந்தை அம்மாவோடு படுத்துக்கொள்ளும். ஏசி உறைய வைக்கும், சாக்ஸும் தொப்பியும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

லாவோஸ் விசாவை எல்லையிலேயே வாங்கலாம், முன்கூட்டி இ-விசாவும் எடுக்கலாம். எல்லையில் என்றால் போட்டோ, கிழியாத கசங்காத டாலர் நோட்டு, பாஸ்போர்ட்டில் ஒரு முழு வெற்றுப் பக்கம், இவை மூன்றும் வேண்டும். தாய்லாந்து பாட் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள், கணக்குப் போட்டால் டாலரைவிட அதிகம் போகும். இ-விசா என்றால் அச்செடுத்துக்கொள்ளுங்கள், எந்தெந்த வாசலில் செல்லும் என்ற பட்டியலையும் பார்த்துக்கொள்ளுங்கள். எது எடுத்தாலும் குழந்தையின் பை அம்மாவின் தோளில்தான் இருக்க வேண்டும். இதை மட்டும் என்னிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

உள்ளே போய்விட்டால் மனைவிதான் தலைவர். என் மனைவி வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான்காரி, அவர் வீட்டில் பேசுவதும் லாவோ பாஷையும் கிட்டத்தட்ட ஒன்று. கடையில் அவர் வாயைத் திறந்ததும் விலை இறங்கும், நான் பக்கத்தில் போய் நின்றால் மறுபடி ஏறும். மகளுக்கு ஒட்டுச் சோற்றை உருட்டிக் கையில் கொடுத்துவிட்டால் மெக்கோங் கரையில் ஒரு மணி நேரம் சத்தமே வராது.

வியந்தியானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய சீன ரயில் இரண்டு மணி நேரம். ஒன்றைக் கவனியுங்கள், அதற்கான நிலையம் ஊருக்கு வெளியே தனியாக இருக்கிறது, தாய்லாந்து ரயில் வந்து நிற்கும் நிலையம் வேறு. நுழையும்போது விமான நிலையம் மாதிரி பையைச் சோதிப்பார்கள். ஸ்ப்ரே டப்பாவும் கத்தியும் போகாது. எங்கள் கொசு ஸ்ப்ரேயும் ஆப்பிள் நறுக்கும் சின்னக் கத்தியும் அங்கேதான் இருக்கின்றன. கொசுவுக்கு க்ரீம் எடுத்துப் போங்கள். ஓஆர்எஸ், காய்ச்சல் சிரப், தெர்மாமீட்டர் மூன்றும் கட்டாயம். வியந்தியானில் இருக்கும்போது குழந்தைக்குப் பெரிதாக ஏதாவது என்றால், பாலம் தாண்டி நோங்காய் அல்லது உடோன் தானி ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மலேசியா

நம் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் 30 நாள், 2026 முடிய என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் மூன்று பேருக்கும் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், குழந்தைக்கும் சேர்த்து, போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். காசு கிடையாது. காசு கேட்கும் தளத்தில் இருக்கிறீர்கள் என்றால் போலித் தளத்தில் இருக்கிறீர்கள்.

தென் தாய்லாந்தின் ஹட்யாயிலிருந்து ரயிலில் எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் போனால் இரண்டு நாட்டு இமிகிரேஷனும் ஒரே நிலையத்துக்குள். அங்கிருந்து பட்டர்வொர்த் ரயில், பிறகு ஃபெர்ரியில் பினாங்கின் ஜார்ஜ் டவுன். மலேசியா ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், பாடாங் பெசாரில் கைக்கடிகாரத்தை நம்பி டீ குடித்துக்கொண்டிருந்தால் ரயில் போய்விடும். சுங்கை கோலோக் வழியை நான் சொல்ல மாட்டேன், அந்தத் தென்கோடி மாகாணங்களில் குண்டுவெடிப்புகள் நடந்திருக்கின்றன, குழந்தையோடு தேவையில்லை. தாய்லாந்துக் கடையில் வாங்கிய பிஸ்கட், மிட்டாய், பானம் எதிலாவது கஞ்சா இலைப் படம் இருக்கிறதா என்று பையைக் கவிழ்த்துப் பாருங்கள். மலேசியச் சட்டம் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது.

பினாங்கு எங்களுக்கென்றே கட்டிய ஊர் மாதிரி. காலையில் குயீன் தெரு மாரியம்மன் கோயில், சாயங்காலம் மனைவிக்கு வாட் சையமங்களாராமில் படுத்திருக்கும் புத்தர். நடுவே லிட்டில் இந்தியாவில் இட்லி. அன்றைக்கு மட்டும் பேரம் பேசுவது நான்.

ஆறாம் படி: திரும்பும்போது

தாய்லாந்தின் டிடிஏசி என்கிற டிஜிட்டல் வருகை அட்டையை 2025 மே 1 முதல் வெளிநாட்டவர் எல்லாரும் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், இதுவும் இலவசம். உங்களுக்கு மட்டும்தான், மனைவிக்கும் குழந்தைக்கும் வேண்டாம். குழந்தை எந்தப் பாஸ்போர்ட்டில் வெளியே போனதோ அதிலேயே உள்ளே வரட்டும். கவுண்டரில் ரீ-என்ட்ரி பெர்மிட் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள், முத்திரை போட்டதும் அங்கேயே நின்று தேதியைப் பாருங்கள். தங்கும் அனுமதி முடியும் தேதி அப்படியே இருக்க வேண்டும். சுற்றுலா முத்திரை விழுந்திருந்தால் அந்த இடத்திலேயே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் பாடு பெரிசு. இருக்கும் முகவரியை இமிகிரேஷனுக்குத் தெரிவிக்கிற 90 நாள் அறிவிப்புக்கான கணக்கு நுழைந்த நாளிலிருந்து புதிதாக ஓடும். தங்குமிடத்தைப் பதிகிற டிஎம் 30 படிவம் மறுபடி வேண்டுமா என்பதை உங்கள் பகுதி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. லாவோஸ் விசா ஸ்டிக்கர் ஒரு முழுப் பக்கத்தைத் தின்கிறது, ரீ-என்ட்ரி முத்திரைகளும் சேர்ந்து 36 பக்கம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்த தடவை புதுப்பிக்கும்போது 60 பக்கமாகக் கேட்டு வாங்குங்கள். போன மாதம் மகள் என் பாஸ்போர்ட்டையும் அவளுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு மட்டும் இவ்வளவு ஸ்டிக்கர், தனக்கு ஒன்றுகூட இல்லை என்று அவள் அம்மாவிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள்.